பெரிய மண்டைக்காரக எங்குட்டுப் போவாக?

பாய்,

இன்று காலை கழனிவாசல் வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை அழுத்திவிட்டு இடது பக்கம் பார்த்தேன். தலை திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை. ஒரு கண்ணுக்கு ரோடு தெரிந்தது, இன்னொரு கண்ணுக்குக் கறுப்பு ஸ்பாஞ்சுதான் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, கன்னத்து ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். அமுங்கிய இடம் எழும்பி வரவில்லை. மூக்குக்குக் கொண்டுபோனால் என் தலையெண்ணெயும் வேர்வையும் வீசின. அதற்கெல்லாம் அடியில், ரொம்ப அடியில், உங்கள் கடை வாசனை இருந்தது. புது ரப்பரும் பசையும், அலமாரிக்குள் நீங்கள் போட்டு வைக்கிற அத்தர்ப் பஞ்சும்.

போன வருஷமே சொன்னீர்கள். "ஸ்பாஞ்சு செத்துருச்சு மாப்ளே, மாத்திக்க."

"நீங்க யாவாரத்துக்குச் சொல்றீக பாய்."

"பெறகு, தர்மத்துக்கா கடை வச்சிருக்கேன்?"

மாற்றியிருக்கலாம். இப்போது மாற்ற நினைத்தால் எங்கே போவது? என் தலைக்கு இறங்குகிற ஹெல்மெட் இந்த ஊரில் உங்கள் கடையில் மட்டும்தான் கிடைக்கும். உங்கள் கடை ரம்ஜானுக்கு முன்னாலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

இதை வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். செக்காலை ரோட்டில் எனக்கும் ஹெல்மெட் கடைதான். பிரேக் ஷூ, செயின், கேபிள், லைட்டு, கிளவுஸ் எல்லாம் உண்டு, ஒரு சுவர் முழுக்க ஹெல்மெட்தான். அதில் ஒன்றுகூட எனக்குச் சேராது. மீடியமும் லார்ஜும்தான் ஓடும், ஓடுகிறதைத்தான் நான் வாங்குவேன். பையில் பிளக்கும் பஞ்சர் ஒட்டும் போட்டுக்கொண்டு பட்டறை பட்டறையாக அலைந்து மேலே வந்தவன், ஓடாத சரக்குக்கு வாடகை கொடுக்க மாட்டேன். நீங்கள் அதற்கு நேர் எதிர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உங்கள் மேல் அலமாரி நிறைய, சின்னப் பிள்ளைத் தலை, பூசணித் தலை, ஊரில் யாருக்கும் வாய்க்காத தலைக்கெல்லாம் அடுக்கி வைத்திருப்பீர்கள். அதற்கு நான் 'பாய் மியூசியம்' என்று பெயர் வைத்தேன். என்னிடம் சைஸ் இல்லாமல் போகிற ஆளை, "எதுத்தாப்புல மியூசியம் இருக்கு, அங்குட்டுப் பாருங்க" என்றுதான் அனுப்புவேன்.

நானும் ஒரு நாள் அந்த மியூசியத்துக்கு வரவேண்டியதாயிற்று. அப்போது லார்ஜ் ஒன்றை உச்சியில் கவிழ்த்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் கல்லாவில் இருந்தபடியே ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சத்தம் போட்டீர்கள்.

"மாப்ளே, அதக் கழட்டிட்டு இங்குட்டு வா. சட்டியக் கவுத்துன மாதிரி இருக்கு, பாக்கச் சகிக்கல."

வந்து உட்கார்ந்ததும் புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றினீர்கள். சுற்றும்போதே வாயும் ஓடியது. "ஆசாரி வீட்டுப் புள்ளதானே நீ? ஒங்க அய்யா பலகையக் கண்ணால பாத்தா அறுத்தாரு?" பிறகு ஹெல்மெட்டை மாட்டி, இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு, "ஆமான்னு தலையாட்டு. இப்ப இல்லைன்னு ஆட்டு" என்றீர்கள். ஆட்டினேன். புருவத்துத் தோலும் சேர்ந்து இழுபட்டது.

"தல இல்லைங்கும்போது ஹெல்மெட்டும் இல்லைங்கணும் மாப்ளே. அது சும்மா இருந்துச்சுன்னா அது ஒன்னோடது இல்ல."

அதோடு விடவில்லை. டீ சொல்லிவிட்டு, வந்த டீ ஆறுகிறவரை என்னை ஹெல்மெட்டோடு உட்கார வைத்தீர்கள். கழற்றியதும் நெற்றியில் எங்காவது அழுத்தி வலித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தீர்கள். எல்லாம் முடிந்த பிறகுதான், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த சின்னக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினீர்கள். "முன்னாடியே காட்டுனா மூஞ்சியப் பாப்பாக, மண்டைய மறந்துருவாக" என்றீர்கள். என் கடையில் ஆள் உயரக் கண்ணாடி, சுற்றிலும் பல்பு. வருகிறவன் கலரைப் பார்ப்பான், மீசையைத் தடவுவான், வாங்கிக்கொண்டு போவான். நீங்கள் ஒரு ஹெல்மெட் விற்கிற நேரத்தில் நான் நாலு விற்பேன். அன்றைக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னேன். "போட்டிக் கடைக்காரனுக்கு என்னடா தள்ளுபடி?" என்று முழு விலையையும் வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள்.

உண்மையைச் சொன்னால், உங்கள் வாசலைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் கடை நடத்தியதில்லை. யார் ஏறுகிறான், எவ்வளவு நேரம் நிற்கிறான், கையில் என்ன இறங்குகிறது, எல்லாம் எனக்குத் தெரியவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "கடையப் பாத்துக்க மாப்ளே" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போவீர்கள். நானும் உடனே உள்ளே போய் உங்கள் கொள்முதல் விலையைத் தேடுவேன். பெட்டிகளில் விலை ஒட்டின சீட்டையெல்லாம் கிழித்து வைத்துவிட்டுத்தான் தொழப் போயிருப்பீர்கள். திரும்பி வந்து, "என்ன மாப்ளே, தேடுனது கெடச்சுச்சா?" என்று கேட்பீர்கள்.

காற்று போகிற மாதிரி வலைத்துணியில் தைத்த ரைடிங் ஜாக்கெட்டை நீங்கள் வாசலில் தொங்கவிட்டபோது, "இந்த வெயில்ல கோட்டா பாய், சர்க்கஸ் ஏதும் வருதா?" என்று நான் கேட்டதும், நீங்கள் முழங்கால் கவசத்தை மொத்தமாக வாங்கிப்போட்டு அதில் முக்கால்வாசி கபடி ஆடுகிற பையன்களுக்குப் போனதும் இன்றைக்கும் சிரிப்புத்தான்.

இப்போது பார்க்க ஒன்றுமில்லை. நீங்கள் போனதிலிருந்து என் வியாபாரம் கூடியிருக்கிறது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, உங்களுக்கும் தெரிந்த கணக்குத்தான். ஆனால் கல்லாவில் நிலைகொள்ள முடியவில்லை. உட்கார்கிறேன், எழுந்திருக்கிறேன், வாசலுக்கு வருகிறேன், பூட்டின ஷட்டரைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போகிறேன். பழக்கதோஷம்.

இன்று கடைக்கு வந்தால் அந்த ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. ஹெல்மெட்டைக்கூட உள்ளே வைக்காமல் ரோட்டைக் கடந்தேன். உங்கள் மருமகன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குக் குவைத்துக்குத் திரும்புகிறாராம்.

"வாங்கண்ணே, ஒங்களத்தான் பாக்க வரணும்னு இருந்தேன். வேணுங்கறத எடுத்துக்கங்க. மிச்சத்த மதுரக்காரரு ஒருத்தரு மொத்தமா எடுத்துக்கிறேன்னாரு. சாயங்காலம் வண்டி வருது."

மேல் அலமாரியில் என் சைஸைத் தேடினேன். இல்லை.

"அந்தப் பெரிய சைஸுல கடைசியா ஒண்ணு இருந்துச்சுண்ணே. ஆத்தங்குடில டைல்ஸ் பட்டறைக்காரரு ஒருத்தரு, மாமா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கி வந்து வாங்கிட்டுப் போனாராம்."

சரி, எனக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்று கீழ் அலமாரிக்குக் குனிந்தேன். செயின் செட், கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ. ஆத்தங்குடிக்காரர்கள் வண்டியில் சிமெண்டுத் தூசி பட்டு செயின் சீக்கிரம் தேய்ந்துபோகும், அதனால் இவையெல்லாம் மடமடவென்று ஓடும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித் தனியே அடுக்கினேன். மியூசியத்தைத் தொடவில்லை.

திரும்பி வந்தால் என் கடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாச்சியாபுரத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வருகிறவள். விடியுமுன்னே கிளம்புகிறாளாம், அண்ணன் வண்டி, அண்ணன் ஹெல்மெட். லாரி ஒன்று கடந்த காற்றில் ஹெல்மெட் பின்னால் சரிந்து வார் கழுத்தைப் பிடித்துவிட்டது என்று தடத்தைக் காட்டினாள். கத்தரிப்பூக் கலரில் ஒரு மீடியத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, என் ஆள் உயரக் கண்ணாடி முன்னால் நின்றாள்.

"நல்லாருக்குண்ணே. இதையே குடுங்க."

என் கை பில்லுக்குப் போயிருக்க வேண்டும். அது ஏன் அவள் ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் போனது என்று எனக்குத் தெரியாது. "இல்லைன்னு தலையாட்டு தாயி" என்றேன். ஆட்டினாள். முகம் காணாமல் போயிற்று. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அண்ணே, ஒண்ணும் தெரியலண்ணே."

பின்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்துக் கொடுக்கலாம், ஊரெல்லாம் அப்படித்தான் கொடுக்கிறார்கள். "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு மறுபடி ரோட்டைக் கடந்து, மியூசியத்தில் கை விட்டு ஒரு ஸ்மால் எடுத்து வந்தேன். தூசியைத் தட்டிய பிறகும் கலர் மாறவில்லை.

"என்னண்ணே, அடுப்புச் சாம்பலாட்டம் இருக்கு."

"சாம்பல்தான். போட்டு ஆட்டு."

ஆட்டினாள். தலையோடு ஹெல்மெட்டும் வந்தது. "கன்னத்த அமுக்குதுண்ணே."

"அமுக்கணும். போகப் போக ஒன் கன்னத்துக்கு எறங்கிக்கிரும். நெத்தியில வலிச்சாத்தான் ஆகாது."

"இவ்வளவு பெரிய கடையில இதுக்கு வேற கலரே இல்லையா?"

"எங்கடையில எல்லாக் கலரும் இருக்கு தாயி. ஒன் மண்டைதான் இல்ல."

டீ சொன்னேன். அது ஆறும்வரை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கழற்றியதும் நெற்றியை நான் தடவிப் பார்த்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாங்கிப் போனாள். காசை உங்கள் மருமகன் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இருக்க முடியவில்லை. என் தலைக்காவது வழி பார்ப்போம் என்று மொத்தக் கடைக்காரனுக்குப் போன் போட்டேன். டபுள் எக்ஸெல் ஒன்று அனுப்பு என்றேன்.

"ஒத்தப் பீஸெல்லாம் வராதுண்ணே. அந்த சைஸு பெட்டியாத்தான் எடுக்கணும். ஒங்க எதுத்தாப்புல பாய் எடுப்பாரே."

போனை வைத்தேன். எனக்கு ஒன்று விற்க நீங்கள் ஒரு பெட்டி எடுத்திருக்கிறீர்கள். மிச்சமெல்லாம் மேலே ஏறி உட்கார்ந்து தூசி பிடித்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் மியூசியம் என்று சிரித்திருக்கிறேன். முழு விலை வாங்கினீர்கள் என்று இத்தனை வருஷம் குறைபட்டுக்கொண்டேன் பாய். அந்த விலையிலும் உங்களுக்கு நட்டம்தான் வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தது. அப்போதும் கடைப் பேச்சுத்தான். "எனக்கப்புறம் பெரிய மண்டைக்காரகள்லாம் எங்குட்டுப் போவாக மாப்ளே?" என்றீர்கள். "மதுரைக்குப் போவாக பாய், பஸ்ஸுக்கா பஞ்சம்?" என்றேன், சிரிக்க வைக்கத்தான். சிரித்தீர்கள். சிரித்துவிட்டு என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நாலு மணிக்கு மேல் மதுரைக்காரர் டெம்போவோடு வந்தார். ஏற்றத் தொடங்கியதும் நான் குறுக்கே போய் நின்றேன். "மேல் அலமாரி போகாது. மிச்சத்த ஏத்துங்க."

"மொத்தமாத்தாங்க வெல பேசுனது. அது இல்லைன்னா ரேட்டு எறங்கும். அதை வச்சு நீங்க என்ன செய்வீங்க? திருவிழாக் கடையில கொட்டுனா எவனாவது எடுத்துக் கவுத்திக்கிட்டுப் போவான், எனக்குக் காசாயிரும்."

எவனாவது எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு போவான். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. மருமகன் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். பாவம், அவருக்கு விலை இறங்கக் கூடாது. காலையில் பொறுக்கி அடுக்கிய செயினும் கேபிளும் பிரேக் ஷூவும் அப்படியே இருந்தன. அவற்றை நானே தூக்கி டெம்போவில் வைத்தேன். "இத எடுத்துக்கிட்டு அத விடுங்க. பேசுன ரேட்டு பேசுனதுதான்." மதுரைக்காரர் செயின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஏற்றிக்கொண்டார். நாளை முதல் ஓடுகிற சரக்கை விட்டுவிட்டு, எப்போது விற்கும் என்று தெரியாத சரக்கைப் பிடித்திருக்கிறேன். நான் இப்படி ஒரு மாற்று வியாபாரம் செய்ததாக யாரும் நம்ப மாட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் ரோடு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

அலமாரியைத் தூக்கிவந்த பிறகுதான் அதை வைக்க இடமில்லை என்பது உறைத்தது. என் கடையில் அதன் அகலத்துக்கு இருந்தது ஒரே சுவர், கண்ணாடி மாட்டிய சுவர். வேறு வழியில்லை, பல்பையெல்லாம் கழற்றி, கண்ணாடியை இறக்கிப் பின்னால் சாத்தி வைத்தேன். சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. போதுமா பாய்?

டபுள் எக்ஸெல் ஒரு பெட்டிக்கும் சொல்லிவிட்டேன். அது வருகிறவரை இந்தச் செத்த ஸ்பாஞ்சோடு மெதுவாகத்தான் ஓட்டவேண்டும்.

மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். உங்கள் ஷட்டரை மருமகன் முழுதாக இறக்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இனி அந்த இடம் செருப்புக் கடையாகுமோ செல்போன் கடையாகுமோ தெரியாது. ஆனாலும் இதை எழுதும்போதே நிமிர்ந்து நிமிர்ந்து உங்கள் வாசலைத்தான் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் விடவில்லை, இனி விடுகிற உத்தேசமும் இல்லை. இப்போதுகூட ஒருத்தர் வண்டியை நிறுத்தி, பூட்டைப் பார்த்துவிட்டு, இறங்காத ஹெல்மெட்டை உச்சியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார். மண்டையைப் பார்த்தால் நம்ம ஆள்.

எழுந்துவிட்டேன் பாய். "அண்ணே, அது பூட்டியிருக்கு. இங்குட்டு வாங்க."