அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்த பல்கலைக்கழகம்

செவ்வாய்க்கிழமை

குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை என்பதைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய், அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கண்டுபிடிப்பது, சாப்பிடுகிறாய் தூங்குகிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் தன் தங்கையைப் பார்க்க இன்று நீ படிக்கிற ஊருக்குக் கிளம்புகிறாள், இது நாளைக் காலையில் உன் கையில் இருக்கும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், சங்கதியோ அவரைப் பற்றியது.

போன வாரம் அப்பா லிஃப்ட் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்றேனே, அது பொய். உன்னை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்களே அந்த வெளிமாநிலத்துச் சின்ன ஊர்ப் பல்கலைக்கழகம், அங்கேதான் போனார். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தால் உன் முதுகலைப் படிப்புக்குக் கட்டணமே கிடையாது, வெளிமாநிலத்துக்காரர்களுக்கான கூடுதல் கட்டணமும் கிடையாது என்று நீ படித்துக் காட்டிய நாளிலிருந்து அவருக்கு ஒரே சந்தேகம். சும்மா யாராவது குடுப்பாங்களா, எங்கயோ குறை இருக்கு என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். ஒரு லிஃப்டைச் சரி செய்தால் தானே ஏறி மேலும் கீழும் போய்ப் பார்க்காமல் இன்னொருவரை ஏற விடாத மனுஷர், பெற்ற மகளை மட்டும் சும்மா விடுவாரா. போய் விடுதிக் குழாயெல்லாம் திறந்து பார்த்திருக்கிறார், நூலகம் எப்போது மூடும் என்று காவலாளியைக் குடைந்திருக்கிறார், உன் துறைப் பிள்ளைகளை வழிமறித்து விசாரித்திருக்கிறார், ஒரு பெண் அங்கிள் நீங்க இன்ஸ்பெக்டரா என்று கேட்டாளாம். எல்லாமே அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் வினை. கடையில் ஒரு சாமான் பிடித்துவிட்டால் பிடிக்காத மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பாரே, அதே வித்தையைத் துறைத் தலைவி அம்மாவிடம் காட்டியிருக்கிறார். என் பொண்ணைப் பெரிய பெரிய இடத்துலல்லாம் கூப்பிட்டிருக்காங்க, இங்க வருவாளான்னு சொல்ல முடியாது, விடுதி வாடகையில ஏதாவது பாத்துப் பண்ணுங்க என்றாராம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, அப்படியா, ரொம்ப நல்லதுங்க, அடுத்ததா ஒரு பையன் காத்துக்கிட்டிருக்கான், அவனுக்கே குடுத்துடுறோம் என்றுவிட்டார்களாம். உன் அப்பா கெஞ்சிக் கூத்தாடியதில், சரி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க பொண்ணே எனக்கு எழுதட்டும், நீங்க எழுதக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவர் கேட்காத கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டார், நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றினார். என்ன நடந்துச்சு என்று நான் பிடித்து உட்காரவைத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நானே அவகிட்ட சொல்றேன் என்கிறார், போனை எடுக்கிறார், வைக்கிறார். இதே யோசனையில் நானும் நேற்று ஆபரேஷன் அறைக்குப் போகவேண்டிய பச்சைத் துணியையெல்லாம் மடித்துக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பிவிட்டேன், எங்கள் சலவைப் பிரிவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரிய பெயர் உள்ள இடத்துக்குத்தான் உனக்கு ஆசை என்று எனக்குத் தெரியும். அங்கே கட்டணம் கட்ட வீட்டை அடமானம் வைக்கிறேன் என்று அப்பா குதிக்கிறார், கடன் தீர்வதற்குள் உனக்கே தலை நரைத்துவிடும், நான் சம்மதிக்க மாட்டேன். உன் இஷ்டம் உன் இஷ்டம் என்று உன்னிடம் நான் சொல்லிவந்ததும் வாய் வார்த்தைதான், நம் ஊரிலேயே நீ சேரவேண்டும், நான் வேலை விட்டு வரும்போது உன் செருப்பு வாசலில் கிடக்கவேண்டும், அதுதான் என் ஆசை. ஆனால் நீ படிக்க நினைக்கிற பாடம் இங்கே பேருக்குத்தான் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய், என் முகம் மாறியதும் பேச்சை மாற்றிவிட்டாய். என் முகத்துக்காக எதையும் தீர்மானிக்காதே குட்டிம்மா, இந்த முகம் இரண்டு நாளில் சரியாகிவிடும். அந்தச் சின்ன ஊரில் உனக்கு மனசு ஒட்டாது என்றால் விட்டுவிடு, அந்தப் பையனாவது படிக்கட்டும். ஒட்டும் என்றால் இதைப் படித்த கையோடு அந்த அம்மாவுக்கு எழுதிப் போடு, வெள்ளிக்கிழமை வரை இழுக்காதே, அப்பா கேட்ட வாடகைக் குறைப்பைப் பற்றி மூச்சு விடாதே.

எங்கே போனாலும் உனக்கு நல்லதே நடக்கும், நல்ல மனுஷர்கள் வாய்ப்பார்கள். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படி, நேரத்துக்குச் சாப்பிடு. இன்னும் ஒன்றே ஒன்று. நம்மால பணம் கட்ட முடியலன்னுதானே அவ அங்க போறா என்று நேற்று அப்பா கேட்டார். அதனால் அங்கே போவதாக முடிவு செய்தால், செலவு இல்லை என்பதற்காகப் போகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பிடித்துத்தான் போகிறேன் என்று சொல். அவர் உடனே நம்பிவிடுவார். நான் நம்பமாட்டேன், இருந்தாலும் எனக்கும் அப்படியே சொல்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா