தண்ணீர் வேண்டாம் என்றீர்கள்

நேற்று குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் பின்புறம் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தோம். சீசனுக்கு முன் சுற்றுச்சுவரை வெள்ளையடித்து முடிக்க வேண்டும். தொட்டியில் கிடந்த சுட்ட கல்லின்மேல் முதல் வாளி தண்ணீர் விழுந்ததும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே, நீங்கள் பக்கத்தில் நின்று "தள்ளி நில்லுட்டி" என்று அதட்டுவது போலிருந்தது.

ஆமாம், நீங்கள் போன பிறகும் இந்த வேலைக்குத்தான் போகிறேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

அடுப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பது உங்களுக்கு அவ்வளவு வேடிக்கை. தொட்டி ஓரத்தில் முட்டையை இறக்கி வேகவைத்து, உரித்து என் கையில் தருவீர்கள். "சூளையில வாங்குன சூட்ட கல்லு உள்ளயே வச்சிருக்கு. தண்ணியக் கண்டா கக்கிருது" என்பீர்கள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கடைக்கு வெள்ளையடிக்கப் போன அன்று, கல்லை உடைக்கும்போது தூள் தெறித்து உங்கள் இரண்டு கண்ணிலும் விழுந்தது. குடத்தோடு ஓடிவந்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஊத்தாதட்டி! தண்ணி பட்டா உள்ள வெந்துரும்!"

கல் கொதிப்பதை அன்றாடம் பார்க்கிறவர் வேறென்ன நினைப்பார்? தேங்காயெண்ணெய் விட்டு, துண்டால் கட்டி, தென்காசிக்கு பஸ் ஏறினோம்.

"உடனே குடம் குடமா ஊத்தியிருக்கணும்மா" என்றார் டாக்டர். "கண்ணுல இருக்க ஈரமே அது கொதிக்கப் போதும். நெறைய ஊத்துனா சூட்டையும் காரத்தையும் அடிச்சிட்டுப் போயிரும்."

கண் போனது. பேச்சும் போனது. சுவரோரம் உட்கார்ந்தே ஒடுங்கிப்போனீர்கள். ஒரு காய்ச்சல் வந்தது, கொண்டுபோய்விட்டது. எனக்கு உங்கள்மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? குடம் என் இடுப்பில்தானே இருந்தது! பாவி மனுஷா, என் கையை விட்டிருக்கக் கூடாதா?

நேற்று, என்னோடு வேலை பார்க்கும் மாரியம்மாள் கண்ணில் தூள் விழுந்தது. வாளியோடு போனேன். "யக்கா, வேண்டாம், வெந்துரும்!" என்று அலறிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நீங்கள் பிடித்த அதே மணிக்கட்டு. உதறினேன். அவள் தலையை மடியில் அமுக்கி, இமையைப் பிரித்து, வாளி வாளியாக ஊற்றினேன். "கொலகாரி" என்று ஏசினாள். ஏசட்டும் என்று ஊற்றினேன். பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

சாயங்காலம் கண் சிவந்து, கட்டு ஏதும் இல்லாமல் வெளியே வந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"யக்கா, எதுக்கு அழுவுதிய?"

நான் அழுதது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் பிடி மட்டும் இந்த மணிக்கட்டை விட்டு இன்னும் போகவில்லை. இருக்கட்டும்.