மேற்படி கோத்திரம்

பெங்களூர்
12.10.2003, ஞாயிறு

சிரஞ்சீவி நிருபமாவுக்கு அம்மா அனேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் ரத்த அழுத்தம் எங்கள் இருவரையும்விடச் சௌக்கியமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மினியாபோலிஸில் இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய், காதை மூடிக்கொள், சாக்ஸ் இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொள், காலையில் வெறும் பாலும் சீரியலுமாக விழுங்கிவிட்டு ஓடாதே. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஹாலில் இருக்கும் இன்னொரு போனை எடுத்து மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறார், அது நமக்குத் தெரியாது என்றும் நம்புகிறார். ஈமெயில் என்றால் அவர்தான் டைப் அடிக்க வேண்டும். ஆகையால் தபாலாபீசில் உறை வாங்கி, அவர் வாக்கிங் போகும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் அப்பா அனுப்பிய ஈமெயிலைப் பார்த்து நீ குழம்பிப் போயிருப்பாய். நீ ஹரிஷைக் கல்யாணம் செய்துகொள்வதில் தமக்குத் தனிப்பட்ட ஆட்சேபணை ஏதும் இல்லை என்றும், ஆனால் இரண்டு குடும்பமும் காசியப கோத்திரம் என்பதால் நீங்கள் அண்ணன் தங்கை முறை ஆகிறீர்கள் என்றும், சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை என்றும் நம்பர் போட்டு மூன்று பாராவில் எழுதியிருந்தார். எதிர்வீட்டு சிவசங்கரனின் தம்பிக்கு, ராணிப்பேட்டைப் பக்கத்துப் பையனுக்கு, காசியப மகரிஷி எப்போது பாட்டனாரானார் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு ஆனார். ஆக்கியது உன் அப்பா.

விநாயக சதுர்த்திக்கு நம் அபார்ட்மென்ட்டில் பெரிய பூஜை. உன் அப்பாதானே அசோசியேஷன் செக்ரட்டரி, அறுபத்துநான்கு வீட்டுக்கும் ஃபாரம் அனுப்பினார். வீட்டு எண், பெயர், நட்சத்திரம், கோத்திரம். புரோகிதர் சங்கல்பத்தின்போது மைக்கில் வரிசையாகப் படிக்க வேண்டுமாம். நாம் 204, சிவசங்கரன் 205. அவர் பெயர் எழுதி, நட்சத்திரம் எழுதி, கோத்திரத்தைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். முப்பத்துநாலு வருஷம் விதான சௌதாவில் ஃபைல் பார்த்த மனுஷருக்குக் காலிக் கட்டம் என்றால் பல்லிடுக்கில் நார் சிக்கிய மாதிரி, எடுக்கிறவரை சோறு இறங்காது. அந்த இடத்தில் "மேற்படி" என்று அடித்துவிட்டார். மேலே இருப்பது நாம். இதென்ன அநியாயம் என்று அப்போதே கேட்டேன். கோத்திரம் தெரியாதவாளுக்குக் காசியபம்னு சொல்றது புரோகிதர் வழக்கம்தான், நான் ஒண்ணும் புதுசாப் பண்ணிடலை என்றார். அப்படிப் பார்த்தால் இந்த தேசத்தில் பல கோடிப் பேர் நமக்குப் பங்காளிகள். இத்தனை வருஷத்தில் அந்தப் பங்காளிகளில் ஒருவரும் நம் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்ததில்லை என்பதுதான் ஆச்சரியம்.

பூஜையன்று மைக்கில் அதை அப்படியே படித்தார்கள். சிவசங்கரன் நிமிர்ந்து பார்த்தார். பூஜை முடிந்ததும் 301 சீனிவாசராகவன், நம் பிரசிடென்ட், ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடடா, நம்மவாளா நீங்கோ, ரெண்டு வருஷமா லிஃப்ட்ல பார்த்துண்டும் தெரியாமப் போச்சே என்று சொல்லி, அன்றைக்கே வீட்டுக்குள் அழைத்து சோபாவில் உட்காரவைத்து, வெள்ளித் தம்ளரில் காபி கொடுத்து, அடுத்த ஆவணி அவிட்டத்துக்கு மொட்டைமாடியில் எல்லோருமாகப் பூணூல் மாற்றிக்கொள்வோம் என்றும் சொல்லியிருக்கிறார். சிவசங்கரன் காபியை முழுக்கக் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைத்த பிறகு, நாங்க எஸ்.சி. சார், லிஸ்ட்டுல தப்பா அடிச்சிருக்காங்க என்றாராம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நான் அவர் மனைவி ராதாவிடம் கேட்டேன். காபி நல்லா இருந்துச்சாம் ஆன்ட்டி, பாதியில விட மனசு வரலையாம் என்று சிரித்தாள். அன்று முதல் சீனிவாசராகவனுக்கு முழங்கால் வலி, இரண்டாவது மாடிப் பக்கம் வருவதே இல்லை.

ஆனால் உன் அப்பாவை அவரோடு சேர்த்துவிடாதே, அவர் ஜாதி பார்க்காதவர். அதை அவரே எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். 1971-லேயே ஜாதியை உடைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர், விபூதிக் குடும்பத்தில் பிறந்து நாமக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினவர். நெற்றியில் படுக்கைக் கோட்டிலிருந்து நிற்கிற கோட்டுக்குத் தாண்டிய தூரம்தான், ஆனாலும் அவர் சொல்லிக் கேட்டால் ஏதோ கடலைத் தாண்டிய மாதிரி இருக்கும். சிவசங்கரன் குடும்பம் எதிர்வீட்டுக்கு வந்த புதிதில் உங்க ஊர்ல எந்தத் தெரு என்று விசாரித்ததும் ஜாதி பார்க்கத்தான் என்று நினைக்காதே, வெறும் பூகோள ஆர்வம். அவர் கொஞ்சமும் தயங்காமல், ஊருக்குள்ள இல்ல சார், காலனி என்றார். நம் பெங்களூரில் காலனி என்றால் பங்களா இருக்கும், அவர்கள் பக்கம் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த இடம். உள்ளே வந்து அப்பா என்னிடம் மெதுவான குரலில், ஆனாலும் நல்ல மனுஷா என்றார். எதற்கு அந்த ஆனாலும் என்று நானும் கேட்கவில்லை.

என்னை யோக்கியவதி என்று நினைத்துவிடாதே. வந்த முதல் வாரம் ராதா ஒரு டப்பா நிறைய கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். சிரித்துக்கொண்டே வாங்கி, அவள் கதவைச் சாத்தினதும் கீழே போய் வாட்ச்மேன் கோவிந்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் தீண்டாமை ஒழிப்புப் பாடத்தை இருபத்தாறு வருஷம் நடத்தி, அதில் ஐந்து மார்க் கேள்வி கேட்டு விடைத்தாள் திருத்தியவள் நான். கோவிந்தப்பா நல்ல மனசுக்காரர், மறுநாள் ராதாவை கேட்டில் நிறுத்தி, கேசரி பஹள சென்னாகித்து மேடம், ரொம்ப நன்றாக இருந்தது என்று மனதாரப் பாராட்டியிருக்கிறார். அடுத்த பண்டிகைக்கு ராதா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள். தோலோட இருக்கு ஆன்ட்டி, இதை நீங்களே சாப்பிடலாம் என்றாள். கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன் நிரு, சாதாரணமாகச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் செப்டம்பரில் நீ ஹரிஷைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் பொங்கியது என்று பொய் சொல்லமாட்டேன். முதலில் நினைத்தது என் அண்ணா என்ன சொல்வான் என்பதைத்தான். உன் அப்பா இரண்டு நாள் பேசவில்லை. ஜாதி என்று சொல்ல அவரால் முடியாது, சொன்னால் 1971 முதல் பேசிய பேச்செல்லாம் வீண். பையன் சரியில்லை என்றும் சொல்ல முடியாது, போன வருஷம் இந்தக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து ஈமெயில் திறந்து கொடுத்ததே அவன்தான், அன்று முழுக்கக் கெட்டிக்காரன் கெட்டிக்காரன் என்று புகழ்ந்தார். மூன்றாம் நாள் காலையில் பேப்பர் கட்டுக்குள் எதையோ தேடியவர் அந்த லிஸ்ட்டை எடுத்தார். 204, அதற்குக் கீழே 205, மேற்படி. முகத்தில் எத்தனை நிம்மதி என்கிறாய். தாமே அடித்த தாளைத் தாமே சாட்சிக்கு அழைத்து, ஹரிஷ் திறந்து கொடுத்த ஈமெயிலிலேயே ஹரிஷ் வேண்டாம் என்று உனக்கு எழுதினார்.

ஹரிஷ் அதைத் தன் அண்ணாவிடம் சொல்லியிருக்கிறான். போன ஞாயிறு காலை சிவசங்கரன் அந்த லிஸ்ட்டோடு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நான் அந்தக் கட்டத்தை மறந்துபோய் விடல சார், வேணும்னுதான் விட்டேன் என்றார். எங்களுக்கு என்ன பேரு, நாங்க எங்க இருக்கணும்னு எங்க தாத்தா காலத்துல ஊர்க்காரங்க முடிவு பண்ணாங்க, இப்ப எங்க கோத்திரத்தை நீங்க முடிவு பண்ணிட்டீங்க. ஜாதிதான் தடைன்னா அதையே சொல்லிடுங்க சார், கேட்டுப் பழக்கம்தான், பதிலும் இருக்கு. கோத்திரம்னு சொன்னா என்னான்னு பதில் சொல்றது? எங்க அம்மாவுக்கும் முழுச் சம்மதம்னு நினைக்காதீங்க, உங்க வீட்டுப் பொண்ணு வந்தா எங்க வீட்டுல கறிக்குழம்பை நிறுத்திடுவாளோன்னு அவங்க ஒரு பக்கம் கவலைப்படறாங்க என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், லிஸ்ட்டுக்குத் திருத்தம் போட்டுடறேன் என்றார்.

திருத்தம் போட அன்று மத்தியானம் உட்கார்ந்தார். 205 என்று எழுதி, கோத்திரம் என்று எழுதி, அதற்கு நேராக என்ன எழுதுவது? இல்லை என்று எழுதினார், கிழித்தார். தெரியவில்லை என்று எழுதினார், கிழித்தார். பொருந்தாது என்று எழுதி, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் கிழித்தார். எத்தனையோ அரசாங்க ஆணைகளுக்கு வாசகம் தயாரித்தவர், ஒரு கட்டத்துக்கு வார்த்தை கிடைக்காமல் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. கட்டத்தைக் காலியா விட்டுடுங்கோளேன், அவர் விட்டது மாதிரி என்றேன். அதெப்படி என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கு என் அப்பா வரவில்லை. பத்திரிகையில் அவர் பெயரும் இல்லை. மூன்று வருஷம் ஒரு வரி எழுதவில்லை. உன் அப்பா தம் புரட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜனங்கள் கைதட்டுவார்கள், மேடைக்குக் கீழே நான் அந்தப் பத்திரிகையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கு அது வேண்டாம். உன் கல்யாணத்தில் அப்பா அம்மா இருவரும் நிற்க வேண்டும், எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

ஆகவே வியாழக்கிழமை ராதாவின் ஸ்கூட்டரில் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போய்வந்தேன். ஹொசூர் ரோட்டு லாரிகளுக்கு நடுவில் இந்த வயசில் பின்னால் உட்கார்ந்து, அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு போனேன், வேறு எதைப் பிடிப்பது. சிறப்புத் திருமணச் சட்டத்துக்கான ஃபாரங்களை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். பெயர், வயது, தொழில், விலாசம், கல்யாணமானவரா ஆகாதவரா. கோத்திரத்துக்குக் கட்டமே இல்லை. உன் அப்பா நிரப்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை. உங்களில் ஒருவராவது முப்பது நாள் இங்கே தங்கியிருக்க வேண்டுமாம், ஹரிஷ் நவம்பரில் ஆபீஸ் வேலையாக இங்கே வந்து மூன்று மாதம் தங்கப்போவதால் சட்டத்துக்கு அது போதும். திரும்பி வந்ததும் ராதா வீட்டில் கேசரி செய்யச் சொல்லிக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மற்றபடி கோவிந்தப்பா சொன்னது உண்மை.

மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வரியில் நான் போட்டுவிட்டேன். இரண்டாவதில் சிவசங்கரன் பெயரை எழுதியிருக்கிறேன். மூன்றாவதைக் காலியாக விட்டு, நேற்று ராத்திரி படுக்கப்போகுமுன் உன் அப்பாவின் மேஜையில், அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஃபாரத்தை வைத்துவிட்டேன். காலையில் எழுந்தவர் அதைப் பார்த்தார், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாக்கிங் போய்விட்டார்.

தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான், எண்ணெய் தேய்த்துக் குளி, குளிர் என்று சாக்குச் சொல்லாதே. ஜனவரியில் வர டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, லீவு தாராளமாக எடு. ஹரிஷின் அம்மாவுக்கு நீயே போன் செய்து பேசு, கறிக்குழம்பை நிறுத்தமாட்டேன் என்று முதலில் சொல்லு, மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் பயப்படாமல், நிறைவாக வாழ என் மனமார்ந்த ஆசி.

இப்படிக்கு
உன் அம்மா
அலர்மேல்மங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. மேஜையைத் துடைக்கப் போனேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உன் அப்பாவின் பொடி எழுத்தில், "அதிகாரி முன்னிலையில் மட்டுமே கையொப்பமிட வேண்டும், புதுப் படிவம் வாங்கவும்" என்று பென்சிலில் ஒரு குறிப்பு. தப்புக் கண்டுபிடித்துவிட்டார் என்று எரிச்சலாக வந்தது. பிறகுதான் கீழே பார்த்தேன். மூன்றாவது வரியில், அவருக்கென்று நான் விட்ட இடத்தின் ஆரம்பத்தில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி. ஆபீசில் பெரியவர்கள் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டக் கீழே இருப்பவர்கள் போட்டு வைக்கும் குறி அது, அவர் காலமெல்லாம் மற்றவர்களுக்காகப் போட்டது. யாருக்காக இதைப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. பென்சிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அவருடைய பேனாவில் மை நிரப்பி வைத்திருக்கிறேன்.