வந்த தேதியும் போட்ட தேதியும்

பாளையங்கோட்டை
1917 பிப்ரவரி 6

என் அருமை மகன் அப்பாத்துரைக்கு அம்மா சாரம்மாள் முத்தமிட்டு எழுதுவது. கர்த்தருடைய தயவால் அப்பாவும் நானும் இங்கே ஏதோ இருக்கிறோம். நீ பஸரா பட்டாள முகாமில் சுகந்தானே என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. சாலோமிக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, தாய்மாமன் வந்தால்தான் ஞானஸ்நானம் என்று உன் தங்கை ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆற்றில் இன்னும் தண்ணீர் போகிறது, பிசான நெல் அறுப்புக்கு நிற்கிறது, நல்ல விளைச்சல் என்கிறார்கள், எனக்கு எது விளைந்தால் என்ன.

நீ அனுப்பிய பந்தாட்டப் படக்கார்டுகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். தேதி போட்டு எழுது, தேதி போட்டு எழுது என்று உன்னிடம் எத்தனை தரம் தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன், வாத்தியார் வீட்டில் பிறந்தும் உனக்கு அந்தப் புத்தி வரவே இல்லை. அதனால் பாளையங்கோட்டை என்று போட்ட முத்திரை கார்டில் எங்கே இருக்கிறதென்று தேடி, அதிலுள்ள தேதியைப் பார்த்துக்கொள்வேன். சண்டைக்குப் பிள்ளையை அனுப்பின தாய்மாரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, இன்ன தேதியில் என் மகன் சுகமாக இருந்தான் என்று சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுவோம். எல்லாரும் பார்க்கிறது அந்த முத்திரையைத்தான்.

ஐப்பசியில் ஒரு கார்டு வந்தது, அதில் பதினோரு பேர் நிற்கிறார்கள், நீ இல்லை. எங்கள் முகாம் ஆட்டக்காரர்கள், ஜெயித்துவிட்டார்கள் என்று ஒரே வரி, அதுவும் கோணல்மாணலாகச் சாய்ந்து கிடந்தது. கிட்டங்கியில் சாமான் கணக்கு எழுதுகிற பிள்ளையை ஆட்டத்தில் சேர்க்கவில்லை போலிருக்கிறது, அந்தக் கோபத்தில் கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அடுத்த கார்டு வந்தது. அதில் நீ நடுவில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாய். என் பிள்ளையைச் சேர்த்ததுமில்லாமல் நடுவிலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை, கோயிலில் காணிக்கை படைத்தேன், தெரு முழுக்க முந்திரிக்கொத்து கொடுத்தேன்.

தை பிறந்து ஒருநாள் திசையன்விளைக்காரர் ஒருவர் வந்தார், பெயர் காஜா முகைதீன், உங்கள் முகாமில் கோவேறு கழுதை ஓட்டினவராம், கால் ஒடிந்து இத்தனை நாள் பம்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். புரட்டாசியில் முகாமில் வாந்திபேதி விழுந்ததென்றும், உன்னை ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குத் தூக்கிப்போனதைக் கண்ணால் பார்த்ததாகவும், மறுநாளே தன்னைக் கப்பலேற்றிவிட்டதாகவும் சொன்னார். எனக்கு ஒன்றும் பயமில்லை, அது பழங்கதை அண்ணாச்சி, இப்போது எழுந்து பந்தாடுகிறான் பாருங்கள் என்று நீ சிரிக்கிற கார்டை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நல்லா இருந்தாச் சரிதாம்மா, அல்லா காப்பாத்தட்டும் என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

அந்த வாரமே கிரேஸ் வந்தாள். உனக்கு நிச்சயித்த பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் நிதானம் எனக்கு வராது. அவளிடமும் கார்டுகளைக் கொடுத்து அதே பெருமையைப் பேசினேன். அவள் சிரிக்கவில்லை, சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலையில் ஊர்ப்பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் போட்ட ஒரு வட்டம் உண்டல்லவா, அது உங்கள் பட்டாளத்து அடையாளமாக்கும் என்று நான் அதை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. "அத்தை, நீங்க பாக்குதது இங்கன வந்த தேதி. அங்கன போட்ட தேதி இந்த வட்டத்துக்குள்ள இருக்கு" என்றாள். நீ சிரிக்கிற கார்டில் ஆகஸ்டு, நீ இல்லாத கார்டில் அக்டோபர். இரண்டையும் மேசையில் இடம் மாற்றி வைத்தாள்.

நீ சிரித்தது வாந்திபேதிக்கு முந்தி. அந்தக் கார்டு எங்கே சிக்கிக் கிடந்து பிந்தி வந்ததோ தெரியாது, அதை வைத்துக்கொண்டு நான் ஊருக்குப் பலகாரம் கொடுத்திருக்கிறேன். ஆட்டத்தில் உன்னைச் சேர்க்காமலில்லை, நீ எழுந்து நிற்க முடியாமல் கிடந்திருக்கிறாய். அந்தச் சாய்ந்த எழுத்து படுத்துக்கொண்டே எழுதினது என்று இப்போது பார்த்தால் யாருக்கும் தெரியும், பெற்றவளுக்குத் தெரியவில்லையே ஐயா. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டும் இல்லை. நான் ஸ்தோத்திரம் பண்ணின கிறிஸ்துமஸில் நீ இருந்தாயா என்றே எனக்குத் தெரியாது.

கலெக்டர் கச்சேரியில் மனு கொடுத்து விசாரியுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன், பைய பாப்போம், பைய பாப்போம் என்கிறார். மனுக் கொடுத்தால் பதில் வந்துவிடுமே என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயந்தான், அதனால் நானும் வற்புறுத்தவில்லை. கிரேஸின் தகப்பனார் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, வேறு இடம் பார்க்கிறார்கள் என்று காதில் விழுகிறது, அவள் மட்டும் வாரம் தவறாமல் வந்துபோகிறாள், அவளை இருக்கச் சொல்லவா போகச் சொல்லவா என்று தெரியாமல் விழிக்கிறேன். போன ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் பாக்கியவதி தன் மகன் கார்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பாளையங்கோட்டை முத்திரைத் தேதியைச் சத்தமாக வாசித்து ஸ்தோத்திரம் சொன்னாள். அது இங்கே வந்த தேதிதான் என்று அவளிடம் சொல்ல மனசு வரவில்லை, குனிந்துகொண்டேன். ஜெபிக்கத்தான் முழங்கால் போடுகிறேன், வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வயிற்றில் துணி கட்டிக்கொள், தெம்பு வருமட்டும் பந்துப் பக்கம் போகாதே. நீ நின்றாலும் படுத்திருந்தாலும் கர்த்தருடைய கை உன்மேல் இருக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார். இதற்குள் ஒரு கார்டு வைத்திருக்கிறேன், நம் வீட்டு விலாசத்தை நானே எழுதிவிட்டேன், பட்டாளத்திலிருந்து போடத் தபால்வில்லை வேண்டாம் என்று நீதானே சொன்னாய். தேதி எழுதாவிட்டால் போகிறது, உன் பெயரைக்கூட எழுத வேண்டாம், எழுதத் தெம்பில்லை என்றால் யாரிடமாவது கொடுத்து வெறுங்கார்டாகவே போடச் சொல். அந்த வட்டத்தை இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வே. சாரம்மாள்