ரேடியோவும் மாறுகிறது

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அரிசோனா வெயிலை நினைத்துக் கவலைப்படாதீர்கள், விமானக் கொட்டகையில் பெரிய மின்விசிறி இருக்கிறது.

பெரியவர் வெர்ன் தன் கையாலேயே கட்டிய விமானத்துக்குப் புதிய கருவிப் பலகை வைக்கத்தான் என்னை அழைத்தார். நான் வயரிங் வரைபடத்தை முடிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு கருவியை மாற்றிவிடுகிறார். மறுபடி முதலிலிருந்து வரைகிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர்களைப் பிளாஸ்டிக் பட்டையால் சேர்த்துக் கட்டியபோது, என் பின்னலையும் சேர்த்து இறுக்கிவிட்டேன். கட்டர் கைக்கு எட்டவில்லை. கூப்பிட்டதும் வெர்ன் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, தூக்கமா?"

"முடி மாட்டிக்கிச்சு. அந்தக் கட்டரை எடுத்துப் பட்டையை நறுக்கி விடுங்க."

எடுத்தவர் நறுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ரேடியோவையும் மாத்திடலாமா?"

"இன்னும் எத்தனைதான் மாத்துவீங்க?"

"வேலை முடிஞ்சா நீ கிளம்பிடுவியே. என் சம்சாரம் டோரத்தி செத்ததுக்கப்புறம் இங்க பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?"

என்னால் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை. "சரி, மாத்தலாம்" என்றேன். அதன் பிறகுதான் நறுக்கினார்.

இன்று காலை ரேடியோவுக்கு வரையத் தொடங்கிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருவது சந்தேகம்தான். பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்புங்கள். சமைக்கும்போது நீங்களாகவே முணுமுணுப்பீர்களே, அதையும் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். எதைப் பற்றியென்றாலும் சரி.

காபி ஆறுகிறதென்று வெர்ன் கூப்பிடுகிறார். போகிறேன்.

டெஸ்