மணக்குடிப் பெண்ணுக்கு ஒரு வரன்

ஸ்டெல்லா மக்களே,

நீ போய் ஒரு வருஷமும் சில வாரங்களும் ஆகின்றன. உன் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் அலுவலகத்தில் போட்டுவிட்டார்கள். நான் சண்டை போடவில்லை. நுண்ணோக்கி அறையில் இப்போது நான் மட்டும்தான். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் உன் சாளைமீன் குழம்பு வாசனை இல்லை. என் புளிக்கறியில் பங்கு கேட்கவும் ஆள் இல்லை. இதையெல்லாம் சொல்லவா கடிதம்? இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லத் தைரியம் வராமல் சுற்றி வளைக்கிறேன்.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள். கடியப்பட்டணத்து மீன்பிடிக் குடும்பத்துக்காரியும் சுசீந்திரத்து வயல்காட்டுக்காரியும் எப்படிச் சம்பந்திகள் ஆனார்கள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாமா? நாம் இரண்டு பேரும் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியைகள். நாம் வளர்த்தது டயாட்டம். கண்ணுக்குத் தெரியாத கடல்பாசி, உடம்பு முழுக்க ஒரே செல். அதைச் சுற்றிச் சம்படம்போல ஒரு கண்ணாடி ஓடு, மூடியும் பெட்டியுமாக.

அது இரண்டாகப் பிரியும்போது ஒருத்திக்கு மூடி, ஒருத்திக்குப் பெட்டி. இருவருமே கிடைத்ததை மூடியாக வைத்துக்கொண்டு, அதற்குள் பொருந்தும்படி புதிய பெட்டி செய்துகொள்வார்கள். பெட்டி கிடைத்தவள் அதனால் தாயைவிடக் கொஞ்சம் சிறியவள். இப்படியே தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துக்கொண்டே போய், ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் சாவுதான். தப்பிக்க ஒரே வழி கல்யாணம்; அதற்கும் போதுமான அளவு சிறுத்திருக்க வேண்டும். சேர்ந்து பிறக்கும் பிள்ளை பழைய ஓட்டை உதறிவிட்டு முழு அளவுக்கு வளரும். ஆனால் ஒரே செல்லிலிருந்து பெருகியவை லட்சம் இருந்தாலும் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்காது. வரன் வெளியிலிருந்து வர வேண்டும்.

பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் நான் பிரித்தெடுத்தது பெண். உன் ஊர்ப் பாறையில் நீ சுரண்டி எடுத்தது மாப்பிள்ளை. அன்றைக்கே நீ மாப்பிள்ளை வீட்டுக்காரியாகிவிட்டாய். என்ன கெத்து! “ஏட்டி பவதி, எங்க பையனுக்கு ஒங்க காயத்தண்ணி பிடிக்காது, நல்ல கடத்தண்ணி ஊத்து” என்பாய். “ஒங்க பையன் தின்னுட்டுத் தூங்குததத் தவிர என்ன செய்யான்?” என்று நான் ஏசுவேன். இரண்டையும் ஒரு தட்டில் கலந்துவிட்டால் மூன்று நாள் பார்க்க வேண்டும். உங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள் இல்லையா? நீ தட்டின்மேல் முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று எழுதுவாய். தடை சொல்ல யாரும் இல்லையா என்று மூன்று நாளும் என்னிடம் கேட்பாய். ஜோடி சேர்ந்தார்களே தவிர, நீ இருந்தவரை பிள்ளை ஒன்றும் தேறவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன்.

நீ போவதற்குச் சற்று முன், அந்த மார்கழியில், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். ஓண லீவில் ஏசி நின்றுபோய், மாப்பிள்ளையை வளர்த்த இரண்டு குப்பியில் ஒன்று ஏற்கெனவே செத்திருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. கல்லூரி பூட்டிக் கிடக்கும்போது அதைத் தனியாக விடப் பயந்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தேன். எங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு வீடு நிறைய ஆட்கள். நான் வடம் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ஜன்னலில் குப்பி இல்லை.

சித்தி அடுக்களையிலிருந்து சொன்னாள்: “அடியெல்லாம் பழுப்பா வழுவழுன்னு இருந்துச்சு மக்கா. நல்லா தேச்சுக் கமத்தி வச்சிருக்கேன்.”

பளபளவென்றுதான் இருந்தது. சித்தியை நான் என்ன சொல்ல? அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். குரலே இல்லை உனக்கு. “மாப்பிள சாப்பிட்டானா?” என்று கேட்டாய். “சாப்பிட்டான், நல்லா இருக்கான்” என்றேன். “சரி மக்களே” என்று போனை வைத்துவிட்டாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பெண் மட்டும் தனியே பெருகினாள், சிறுத்தாள். வாரம் ஒரு முறை அளந்தேன். இந்தத் தை பிறந்தபோது, இனி ஓரிரு மாதம்தான் தாங்குவாள் என்று தெரிந்துவிட்டது. கடலைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும் என்று உனக்குத் தெரியும். பாறைக்குப் போவது எப்போதும் நீதான். வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி உன் தம்பி சேவியரைப் பார்க்கப் போனேன். பாறையில் படிந்த பழுப்பு வழுக்கைக் கொஞ்சம் சுரண்டித் தந்தால் போதும் என்றேன்.

“நான் தரமாட்டேன்க்கா” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் சிரித்தான். “அக்கா சொல்லிட்டுத்தான் போனா. பவதி ஒருநாள் பாசி கேட்டு வருவா, நீ கொண்டு குடுக்காத, அவள வள்ளத்துல ஏத்தி கூட்டிட்டுப் போண்ணு.”

“அவளுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ள நல்லாருக்கான்னுதானே சொன்னேன்?”

“அதுதான்க்கா. ஒங்ககிட்ட பேசிட்டு போன வச்சா. ‘இன்னைக்கு அவ மாப்பிளய ஒரு வார்த்த ஏசல்ல. அவன் போயிட்டான்’ணு சொன்னா. பெறவுதான் ஒங்கள வள்ளத்துல கூட்டிட்டுப் போகச் சொன்னா.”

நீ தெரிந்துகொண்டேதான் “சரி மக்களே” என்று வைத்தாயா? ஏன் ஸ்டெல்லா, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நானும் அழுதிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்குத் துக்கம் கொண்டாடியிருக்கலாம். எனக்காக நீ பொறுத்ததுதான் பொறுக்கவில்லை.

வள்ளம் என்கிற அந்தச் சின்னப் படகில் ஏறினேன். “பேடிக்காதீங்க, தூரத்தப் பாத்து இருங்க” என்று சேவியர் சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். உன் பாறையை என் கையாலேயே சுரண்டினேன்.

அந்த வழுக்கிலிருந்து செல் செல்லாகப் பிரித்துப் பன்னிரண்டு குப்பி வளர்த்தேன். பன்னிரண்டு வரன். சிலது இன்னும் பெரிது, கல்யாண வயசே ஆகவில்லை. சிலது நம் பெண்ணைப்போலவே பெண். சிலது பக்கத்தில் கிடந்தும் சும்மா கிடந்தது. ஏழாவதைக் கலந்து, முதல் ஓலை என்று என் கோணல் எழுத்தில் எழுதினேன். இரண்டாம் நாள் ஜோடி ஜோடியாக ஒட்டிக் கிடந்தார்கள். நம்பப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கண்ணை வைத்தேன். பிள்ளை! தாயைப்போல மூன்று மடங்கு நீளம், இரண்டு முனையும் கூராக, கீறல் இல்லாத புதுக் கண்ணாடிக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. “ஏட்டி, ஓடி வா, வந்து பாரு!” என்று கத்திவிட்டேன். ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்க எனக்கு மனசு வரவில்லை. தூக்கினால் நீ இல்லாததைப் பார்க்க வேண்டும்.

சேவியருக்குத்தான் போன் செய்தேன். கடற்கரையில் வலைக்கு நடுவே நின்றிருப்பான்போல, ஒரே இரைச்சல். “பிள்ள ஆணா பொண்ணாக்கா?” என்று கேட்டான். இப்போது சொல்ல முடியாது, அது பிரிந்து பிரிந்து சிறுத்துக் கல்யாண வயசுக்கு வரச் சில வருஷங்கள் ஆகும் என்றேன். “அப்போ நீங்க அதுவரைக்கும் இருக்கணுமே” என்றான்.

இருப்பேன். வாரம் தவறாமல் என் கையால் தண்ணீர் மாற்றுவேன். இனி எது செத்தாலும் அன்றைக்கே, அழுதுகொண்டாவது, வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். யாரிடம் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை, மக்களே.

உன் பெண்வீட்டுச் சம்பந்தி,
பகவதி