வீதிக்கென்று கொடுத்த எண்ணெய்

லாந்தருக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு இரண்டு முறை கை கழுவினேன். நாற்றம் போகவில்லை. இந்த நாற்றம் வந்தால் நீயும் வந்துவிடுகிறாய்.

யுத்தத்தில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது வீதிக் கம்பங்களில் விளக்கேற்றுவதைப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள். வீட்டுக்காரர்களே அவரவர் வாசலில் ஒரு லாந்தர் ஏற்றி மாட்ட வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். அதற்கென்று வாரம் ஒரு புட்டி எண்ணெய் கூடுதல். குடிசைக்காரர்களுக்கு அது கிடையாது. என் தகப்பனார் போனபின் வீட்டுக்காரன் நான்தான். திருத்தணி மலைப்படி இறங்கி முடியும் முனையில் வீடு. எதிரே சாக்கடை, அதை மூடிய பலகைக்கல் பாதி உடைந்து கிடந்தது. அந்த முனைக்கு என் லாந்தர் ஒன்றுதான் வெளிச்சம்.

நீ மலைமேல் இருக்கும் கடைகளுக்குத் தண்ணீர் சுமந்தாய். கடைசி நடை முடிந்து, காலிக் குடங்கள் தோள்கம்பில் ஆட, இருட்டும் வேளைக்கு இறங்குவாய். ஒன்றாய்ப் படித்தவர்கள் நாம். நான்காம் வகுப்போடு உன்னைக் குடம் தூக்க அனுப்பினார்கள்; என்னை மேலே படிக்க வைத்தார்கள். அதற்காக நீ என்மேல் கோபப்பட்டதில்லை. கேலிதான் செய்வாய்.

"இன்னா நைனா, இன்னிக்கு யாரத் திட்டி எழுதிகினு கீறே?"

"பஞ்சாயத்த."

"திட்டு, திட்டு. அப்டியே உன் வெளக்குக் கண்ணாடியயும் தொடை. கரி புடிச்சிகினு எனுக்குப் படியே தெரியல."

மறுநாள் துடைப்பேன். பிறகு மறப்பேன்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக நீ மாலை போட்டிருந்தாய். வெற்றிலையைக்கூடத் தொடாத விரதம். கிருத்திகைக்குச் சில நாள் முன்பு ஒரு சாயங்காலம் நான் வாசல் லாந்தரை ஏற்றவில்லை. வீட்டு எண்ணெய் தீர்ந்திருந்தது. வீதிக்கென்று கொடுத்த புட்டியை மேசை விளக்கில் ஊற்றிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? வீதிகள் இருண்டு கிடக்கின்றன, ஏழைகள் விழுந்து சாகட்டும் என்றா நினைக்கிறார்கள் என்று காரமாக ஒரு கட்டுரை. வெளியே குடம் உருளும் சத்தம் கேட்டது. வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உடைந்த கல்லில் உன் தலை பட்டிருந்தது. மூச்சில்லை. கூட்டம் சேர்வதற்குள், புட்டியில் மிஞ்சியிருந்ததை ஊற்றி லாந்தரை ஏற்றி ஆணியில் மாட்டினேன். பதற்றத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் செய்தேன்.

கிராம முன்சீப் வந்து, "வெளக்கு எரிஞ்சிதாப்பா?" என்று கேட்டார்.

"எரிஞ்சிதுங்க" என்றேன்.

"தெனம் எறங்கற படி. இவ்ளோ வெளிச்சம் வேற. தெளிவா இருக்கறவன் வுழுவானா?" என்றது ஒரு குரல்.

"கள்ளுதான்" என்றது இன்னொன்று.

நான் வாயைத் திறக்கவில்லை. மாலை போட்டவன் குடித்துவிட்டு விழுந்தான் என்று விடிவதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. உன் அண்ணன் பாடையைத் தொடவில்லை. உன்னோடு மாலை போட்டவர்களில் ஒருவரும் வரவில்லை. நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். "சிநேகிதன்னா இவன்தான்யா" என்றார்கள்.

போன மாதம் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். உன் மனைவி தாய்வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டினம் நிற்கவில்லை.

"அவரு குடிக்கலன்னு எனுக்குத் தெரியும்ணா. வாய மோந்து பாத்தவ நான்தானே. நான் சொல்லி எவன் கேட்டான்?" கொஞ்சம் கழித்து, "இத்த எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? அவங்க அண்ணங்கிட்ட சொல்லுங்க. ஊருக்கு சொல்லுங்க. எழுதத் தெரியும் இல்ல? எழுதுங்க" என்றாள்.

அந்தக் கட்டுரை அச்சில் வந்து எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. இந்த மடலையும் அதே பத்திரிகைக்கே அனுப்புகிறேன். போடுவார்களோ, மாட்டார்களோ. நாளைக் காலை உன் அண்ணன் வாசலில் போய் நின்று சொல்வேன். அவர் அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

உன்னைச் சுமந்ததற்காக இன்றும் என்னை மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று நாலு பேர் தூக்கினோம். நீ கனக்கவே இல்லை. அந்த மெச்சுதல்தான் தோளைவிட்டு இறங்காமல் இருக்கிறது.